ஜூமாவுக்கு ஒரு தீர்ப்பு, பார்க்குக்கு ஒரு தீர்ப்பு

அதிபரையே சட்டத்துக்குக் கட்டுப்பட வைத்ததில் எது மேல், தென்னாப்பிரிக்காவா தென்கொரியாவா? தென்னாப்பிரிக்க அதிபராக இருந்த ஜேக்கப் ஜூமாவின் என்காண்ட்லா வீட்டில் பாதுகாப்பு என்ற பெயரில் அரசுச் செலவில் நீச்சல் குளம், மாட்டுத் தொழுவம், கோழிக்கூடு எல்லாம் முளைத்தன. குளம் எதற்கு என்றால், தீயை அணைக்கத் தண்ணீர் வேண்டுமாம்! செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டச் சொன்னார், அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் அதிகாரியான பொதுப் பாதுகாவலர் துலி மடோன்செலா. ஜூமா அசையவில்லை. அதிபர் அரசியல் சாசனத்தைக் காக்கத் தவறிவிட்டார் என்று 2016 மார்ச் 31 அன்று சாசன நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கடைசியில் 78 லட்சம் ராண்ட் கட்டினார். பதவி மட்டும் போகவில்லை; 2018இல் கட்சியே கைவிட்ட பிறகுதான் விலகினார்.

தென்கொரியாவில் அதிபர் பார்க் குன்-ஹே மீது நாடாளுமன்றம் பதவிநீக்கத் தீர்மானம் போட, 2017 மார்ச் 10 அன்று அந்நாட்டின் சாசன நீதிமன்றம் 8-0 என உறுதி செய்தது. அன்று காலை தற்காலிகத் தலைமை நீதிபதி தலைமுடியில் சுற்றிய கர்லர்களைக் கழற்ற மறந்தே காரிலிருந்து இறங்கினார். தீர்ப்போடு பதவி காலி. அப்புறம் கைது, சிறை. 2021 டிசம்பரில் பொதுமன்னிப்பு.

வேகத்தில் கொரியாதான். ஆனாலும் என் ஓட்டு தென்னாப்பிரிக்காவுக்கு. நீதிமன்றம் ரத்து செய்யாதவரை பொதுப் பாதுகாவலரின் உத்தரவுக்கு அதிபரும் கட்டுப்பட்டவர் என்று அங்கே உறுதியானது. அந்த வழியிலேயே, பொதுப் பாதுகாவலர் உத்தரவிட்டபடி, தன் ஆட்சியின் ஊழலை விசாரிக்கும் ஆணையத்தை 2018 ஜனவரியில் ஜூமாவே அமைக்க வேண்டியதாயிற்று.