இயற்பியல், வேதியியல் தேர்வுக்குத் திருப்புதல்: மறுவாசிப்பா, அட்டையா, வினாத்தாளா?

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது, பாடம் நடத்தி முடிந்துவிட்டது. இனி மாணவரை எப்படித் திருப்ப வைப்பது? குறிப்பை மறுபடி வாசிக்கலாம், கேள்வி-பதில் அட்டை போடலாம், பழைய வினாத்தாளை எழுத வைக்கலாம். மூன்றும் நல்லவைதானே என்று நேரத்தைச் சமமாகப் பிரித்தால் பெரும்பகுதி வீணாகும்.

மறுவாசிப்புக்குத் தயாரிப்பு எதுவும் வேண்டாம். அதனால்தான் எல்லோரும் அதில் போய் விழுகிறார்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகியவையாகத் தெரியும், அந்தப் பழக்கத்தையே மாணவர் அறிவு என்று நம்பிவிடுவார். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு அப்போது 71தான். ஒரு வாரம் கழித்து முன்னவர்கள் 40க்கு இறங்கினார்கள், பின்னவர்கள் 61இல் நின்றார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. எனவே வாசிப்பு, வினாத்தாளில் வெளிப்பட்ட ஓட்டையை அடைக்க மட்டுமே. அந்த ஒரு பகுதியைப் படித்து, மூடிவைத்து, எழுதிப் பார்க்க வேண்டும்.

ஒரே விடை உள்ளவற்றுக்கு அட்டைதான் சிறந்தது: அலகுகள், அயனிகளின் மின்சுமை, வாய்பாடுகள், வரையறைகள். ஓர் அட்டையில் ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம். 'அழுத்தத்தின் அலகு?' என்றும் கேட்க வேண்டும், 'பாஸ்கல் எதன் அலகு?' என்றும் கேட்க வேண்டும். தவறியது மறுநாள், ஒருமுறை சரியானது மூன்று நாள் கழித்து, மறுபடியும் சரியானது வாரம் கழித்து என்று மூன்று அடுக்கு போதும். விடையைச் சொல்லாமலே அட்டையைத் திருப்பி 'தெரியும்' என்று தலையாட்டுவதுதான் இதைக் கெடுப்பது. சொல்லிவிட்டோ எழுதிவிட்டோதான் திருப்ப வேண்டும்.

ஆனால் அட்டைக்கு ஓர் எல்லை உண்டு. மின்தடைகளின் பக்க இணைப்புக்கான வாய்பாட்டைச் சரியாகச் சொன்ன மாணவரே 6 ஓம், 3 ஓம் கணக்கில் தலைகீழிகளைக் கூட்டி 1/2 என்று நிறுத்திவிடுவார். அதையும் தலைகீழாக்கினால்தான் விடை, 2 ஓம். 'சிறிய தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்' என்ற வழக்கமான சோதனையில் இந்தத் தவறு பிடிபடாது, அரையும் மூன்றைவிடக் குறைவுதானே. 6 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒன்றில் 1 ஆம்பியர், மற்றதில் 2, மொத்தம் 3. ஆறை மூன்றால் வகுத்தால் 2 ஓம் வந்துவிடும்.

இத்தகைய தவறுகளை வெளியே கொண்டுவருவது வினாத்தாள்தான். அதிலும் பாடவாரியாகப் பிரித்த கேள்விகளைவிடக் கலந்தவை மேல். 'லென்சு' என்ற தலைப்பின் கீழ் கணக்கு வந்தால் எந்த வாய்பாடு என்று யோசிக்கவே வேண்டியதில்லை, தேர்விலோ மதிப்பெண் போவது அந்த யோசனையில்தான். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி சீராக வேகம் குறைந்து 4 விநாடியில் நின்றால் கடந்த தொலைவு 40 மீட்டர். வேகத்தை விநாடிக்கு 20 மீட்டராக மாற்ற மறந்தவருக்கு 144 வரும். குவிலென்சின் குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 30 செ.மீ.யில் என்றால் பிம்பம் 15 செ.மீ.யில். பொருளின் தொலைவுக்குக் கழித்தல் குறி போடாதவருக்கு 7.5 வரும். பொருள் இருமடங்குக் குவியத் தொலைவுக்கு அப்பால் இருந்தால் பிம்பம் 10க்கும் 20க்கும் இடையில் விழ வேண்டும் என்று கதிர்ப்படம் உடனே காட்டிக்கொடுக்கும். ஆகவே கணக்குக்கு முன் படம்.

முழுத் தாளைவிட 40 நிமிட அரைத்தாள் நல்லது, திருத்தவும் நேரம் மிஞ்சும். பிழை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள்: கேள்வியைத் தவறாக வாசித்ததா, அலகா, குறியா, கருத்தா. மூன்று நாள் கழித்து எண்களை மாற்றி அதே கணக்கைக் கொடுங்கள். லென்சுக் கணக்கில் பொருள் 30க்குப் பதில் 15 செ.மீ.யில் என்றால் பிம்பம் 30 செ.மீ.யில், இருமடங்கு பெரிதாக. எண்ணை மாற்றாவிட்டால் நினைவிலிருந்து விடையை எழுதிவிடுவார். விடைக்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அது மறுவாசிப்புதான்.

குழுவாகப் படிப்பது விளக்கிச் சொல்பவருக்கு உதவும். கேட்டுக்கொண்டே இருப்பவருக்கு அவ்வளவாக உதவாது, ஆகவே முறைவைத்து எல்லோரையும் விளக்க வையுங்கள்.

ஒரு மணி நேரம் கிடைத்தால் அட்டைக்கு 10 நிமிடம், கலந்த கேள்விகளுக்கு 30, திருத்தத்துக்கு 20. இதில் ஒரே விலக்கு: வாய்பாட்டை மாற்றியமைக்கவே தடுமாறும் மாணவர். அவருக்கு முதல் நாளே வினாத்தாளைக் கொடுத்தால் வெற்றுத்தாள்தான் திரும்பி வரும். முழுமையாகச் செய்துகாட்டிய கணக்கு ஒன்று, அடுத்ததில் கடைசிப் படி மட்டும் அவருடையது, அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படிகள் என்று கொண்டுபோய், முழுக்கணக்கும் தனியே வந்த பிறகு வினாத்தாளுக்கு மாறுங்கள்.