ரெகரேதோ டெர்ரெர்ஸ்: சர்க்கரை சேர்க்காத ஸ்பானிய ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு என்ன சாப்பிடலாம்?

ரெகரேதோ நிறுவனத்தின் டெர்ரெர்ஸ் ஒயின் பாட்டிலில், ஸ்பானிய ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு வழக்கமான 'கவா' என்ற பெயர் எழுதியிருக்காது. பார்சிலோனாவுக்கு மேற்கே பெனெடெஸ் பகுதியில், சன்ட் சதுர்னி தனோயா ஊரில் 1924இல் தொடங்கிய ரெகரேதோ, 2019இல் வேறு சில தயாரிப்பாளர்களுடன் கவா அமைப்பைவிட்டு வெளியேறியது. இப்போது அவர்களின் ஒயின் 'கோர்பின்னாத்' என்ற பெயரில் வருகிறது. முழுக்க இயற்கை வேளாண்மையில் விளைந்த திராட்சை, கையால் அறுவடை, பாட்டிலுக்குள் நொதிக்கவைத்த ஈஸ்டின் வண்டலோடு குறைந்தது 18 மாதம் ஊறல் ஆகியவை அந்தப் பெயருக்கான நிபந்தனைகள். டெர்ரெர்ஸ் அதையும் தாண்டி நீண்ட காலம் நிலவறையில் கிடந்த பிறகே வெளியே வருகிறது.

வகை, ப்ரூட் நேச்சர். வண்டலை நீக்கிய பிறகு பல நிறுவனங்கள் சிறிது சர்க்கரைக் கரைசல் ஊற்றி மூடுவார்கள். சாதாரண ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். இதில் ஒரு துளியும் சேர்ப்பதில்லை. திராட்சையின் குறையை மூடிமறைக்க இனிப்பு இல்லை என்பதால்தான் தோட்டத்தில் அவ்வளவு கவனம். அதே காரணத்தால், குளிரிலோ கிளாஸிலோ உணவிலோ நாம் தவறினால் நாக்கில் வெறும் புளிப்புதான் நிற்கும்.

கிளாஸில் முதலில் எழுவது பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும். இரண்டு நிமிடம் கழித்து சோம்பு, பாதாம், வாட்டிய ரொட்டி. சோம்பு வாசம் ஷரெல்லோ திராட்சையின் முத்திரை. ரொட்டி வாசம் வண்டல் தந்தது. குமிழிகள் மிக நுண்மையானவை, நாக்கைக் குத்துவதில்லை. விழுங்கியதும் பாதாம் தோலைப் போன்ற மெல்லிய கசப்பு தங்குகிறது. இது குறையல்ல, இந்த ஒயினின் முதுகெலும்பு.

ஐந்து டிகிரியில் பரிமாறினால் சோம்பும் பாதாமும் அடங்கிப்போகும். 8 முதல் 10 டிகிரி சரி. ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு மணி நேரம். அவசரமென்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் இருபது நிமிடம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நிற்கும், குளிர மெதுவாகும். ஃப்ரீசர் வேண்டாம், மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கும். உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அதனால் கம்பியைத் தளர்த்தியது முதல் கட்டைவிரலை கார்க்கின் மேலிருந்து எடுக்கக் கூடாது. பாட்டிலைச் சாய்த்து, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைச் சுழற்றுங்கள். நுரை பொங்கி வழிந்தால் ஒயின் போதிய அளவு குளிரவில்லை, அல்லது வரும் வழியில் குலுங்கியிருக்கிறது.

ஒடுக்கமான ஃப்ளூட் கிளாஸில் வாசம் அடைபட்டுவிடும். சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். சோப்பு எச்சம் குமிழியைக் கொன்றுவிடும் என்பதால் வெந்நீரில் மட்டும் அலசிக் காயவைக்க வேண்டும். வாங்கும்போது பின்பக்க லேபிளில் வண்டல் நீக்கிய தேதியைப் பாருங்கள். வண்டல் இருக்கும்வரை அது ஒயினை ஆக்சிஜனிலிருந்து காக்கிறது. நீக்கிய பிறகு மூப்பு வேகமெடுக்கும்.

இனி உணவு. உப்பும் கொழுப்பும் இருந்தால் இந்த ஒயின் மலர்ந்துவிடும். தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட கத்தலான் (பார்சிலோனா வட்டார) ரொட்டியின் மேல் லெஸ்காலா ஊர் நெத்திலி வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு மடக்கு குடித்தால், உப்பு ஒயினின் புளிப்பைத் தணிக்கும்; குமிழி எண்ணெயைத் துடைத்துவிடும். உப்புக் கருவாடாக வரும் காட் மீனை ஊறவைத்துப் பொரித்த உருண்டை, பொரித்த கணவாய், ஹாமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை), வறுத்த பாதாம் எல்லாமே இதே கணக்குதான். குளிர்கால முடிவில் நெருப்பில் சுட்ட கல்சோத் வெங்காயத்தை ரொமெஸ்கோ சாஸில் தோய்த்துத் தின்பார்கள். சாஸிலுள்ள பாதாம், ஒயினின் பாதாமைத் தொட்டுக்கொள்ளும். இவை எல்லாவற்றிலும் சிறந்த ஜோடி நெத்திலிதான்.

கேக்கோடு மட்டும் வேண்டாம். இனிப்புக்குப் பின் இந்த ஒயின் எலுமிச்சைச் சாறுபோலச் சுருக்கென்று இருக்கும்; அதற்கு இனிப்பு கூடிய செமி செக்கோ வகை வாங்கலாம். மிளகாய்க் காரமும் ஒத்துவராது, குமிழி எரிச்சலைக் கூட்டிவிடும். வினிகர் சாலட்டும் அப்படியே.

மீதமிருந்தால் அழுத்தம் தாங்கும் பிடிப்பு மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். பாட்டில் வாயில் ஸ்பூன் செருகுவதால் பயனில்லை. குமிழி சற்றுக் குறைந்த அந்த இரண்டாம் நாளில் சோம்பு வாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.