அளவு நோட்டுக்கு ஒரு ஆப்: எம்ஐடி ஆப் இன்வென்டர் எப்படி இருக்கு?

பிளவுஸ் தைக்கிற கடையில் மிஷினைவிட முக்கியமானது அளவு நோட்டு. மிஷின் மக்கர் பண்ணினால் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து தைத்துக்கொள்ளலாம். நோட்டு நனைந்துபோனால் அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டு டேப் பிடிக்க வேண்டும். கோவில்பட்டியில் வீட்டு முன்னறையில் லேடீஸ் டெய்லரிங் நடத்துகிறேன். தீபாவளி சீசனில், "அக்கா, போன வருஷ அளவுதான், அப்படியே தச்சிருங்க" என்று துணியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எந்த நோட்டு, எந்தப் பக்கம் என்று தேடுகிற நேரத்தில் ஒரு கை தைத்து முடித்துவிடலாம்.

இந்த நோட்டைப் போனுக்குள் கொண்டுவரத்தான் ஆப் செய்யக் கற்றுக்கொண்டேன். பிளஸ் டூவில் நான் காமர்ஸ் குரூப். வாட்ஸ்அப்பும் யூடியூபும் தவிர வேறு எதுவும் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு எம்ஐடி ஆப் இன்வென்டர், அதாவது கோடிங் எழுதாமல் துண்டுகளை இழுத்துச் செருகியே ஆப் செய்கிற இணையதளம், சரிப்படுமா என்று கேட்டால், முழு மனதோடு ஆமாம் என்பேன். எங்கே நன்றாக ஓடும், எங்கே நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விசாரித்தேன். சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, அப்புறம்தான் ஆண்ட்ராய்டு என்று வரிசை சொன்னார்கள். ஃபீஸும் தவணையில் கட்டுகிற அளவுக்கு இருந்தது. அந்தப் படிப்பு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தேவை. கடையை வைத்துக்கொண்டு, இருக்கிற ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் பார்ப்பவருக்கு அது சுற்று வழி. ஆப் செய்வதற்கென்றே கூகுள் தருகிற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ மென்பொருளையே நேராகப் போட்டுப் பார்க்கலாம் என்றால், அது குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கிறது. வீட்டில் இருப்பது மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப், 4 ஜிபி.

ஆப் இன்வென்டருக்கு எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். குரோமில் தளத்தைத் திறந்து ஜிமெயில் கணக்கில் உள்ளே போனால் போதும். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இலவசமாகத் தருகிறவர்கள் நாளைக்கே மூடிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் பயம் இருந்தது. ஒரு தடவை அப்படி நடந்தும் இருக்கிறது. 2010-இல் இதை ஆரம்பித்தது கூகுள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹால் அபெல்சன் தலைமையில் உருவானது. 2011 முடிவில் கூகுள் கைவிட்டது. 2012-இல் எம்ஐடி தன் பொறுப்பில் மறுபடி திறந்தது. மூல நிரலையும் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். நாம் செய்த வேலையை 'ஏஐஏ' என்ற ஃபைலாக நம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். வாராவாரம் அதை இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டுவிடுகிறேன்.

உள்ளே இரண்டு பக்கங்கள். டிசைனர் பக்கத்தில் பட்டன், எழுதும் பெட்டி, லேபிள் எல்லாம் இடது பக்கம் அடுக்கியிருக்கும். வேண்டியதை இழுத்துப் போன் படத்தின் மேல் விட வேண்டும். பிளாக்ஸ் பக்கத்தில்தான் மூளை வேலை. அங்கே கட்டளைகள் வண்ணத் துண்டுகளாக இருக்கின்றன. கணக்கு நீலம், லாஜிக் பச்சை, மதிப்பைப் பெயர் போட்டு வைத்துக்கொள்கிற மாறிகள் ஆரஞ்சு. 'இந்தப் பட்டனைத் தொட்டால்' என்ற கடுகு நிறத் துண்டுக்குள் மற்றவற்றைச் செருக வேண்டும். பொருந்துகிற துண்டு மட்டும்தான் டக்கென்று மாட்டும், பொருந்தாதது மாட்டவே மாட்டாது. பிளவுஸ் கொக்கி அதற்குரிய வளையத்தில் மட்டும் விழுவதைப் போலத்தான். அதனால் கமா விட்டோமா, அடைப்புக்குறி மூடினோமா என்ற கவலையே வராது. புதிதாக வருகிறவர்கள் பாதியில் ஓடிப்போவது பெரும்பாலும் அந்தக் கமாவால்தான் என்று என் மகளும் சொல்வாள்.

எனக்குத் தைரியம் கொடுத்தது கம்பேனியன். போனில் எம்ஐடி ஏஐ2 கம்பேனியன் என்ற ஆப்பைப் போட்டு, லேப்டாப் திரையில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், நாம் செய்துகொண்டிருக்கிற ஆப் அப்படியே போனில் திறக்கும். லேப்டாப்பில் பட்டன் நிறத்தை மாற்றினால் கையிலிருக்கிற போனில் உடனே மாறுகிறது. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது. போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, அதே போனில் கம்பேனியனைத் திறந்தேன், வேலை செய்தது. முதல் நாளே "வணக்கம்" என்று காட்டுகிற ஒரு பட்டன் என் போனில் இருந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இனி என் ஆப்பில் நான் ரொம்பப் பெருமைப்படுகிற இடத்தைச் சொல்கிறேன். கோடிங் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

எங்கள் தொழிலில் ஒரு இன்ச் என்றால் எட்டு நூல். மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, லூஸும் தையலுக்கு விடுவதும் சேர்த்துத்தான் துணியில் சாக்பீஸ் போடுவோம். மார்பு 36½ இன்ச் என்றால் கால்குலேட்டர் 9.125 என்று காட்டும். டேப்பில் அப்படி ஒரு கோடு கிடையாது. எனக்கு வேண்டியது '9 இன்ச் 1 நூல்'. மனசுக்குள் போடுகிற இந்தக் கணக்கை ஆப்புக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். முதலில் எல்லாவற்றையும் நூலாக்கிவிட வேண்டும். 36.5-ஐ எட்டால் பெருக்கினால் 292 நூல். நாலால் வகுத்தால் 73. அந்த 73-ஐ எட்டால் வகுத்தால் ஈவு 9, மீதி 1. ஈவுதான் இன்ச், மீதிதான் நூல்! ஐந்தாம் வகுப்பில் படித்த ஈவும் மீதியும் ஆப் இன்வென்டரின் கணக்குப் பகுதியில் துண்டுகளாகவே இருக்கின்றன. 36¼ மாதிரி அளவுக்கு அரை நூல் வந்து நிற்கும், அதற்கு முழு எண்ணாக்குகிற ரவுண்ட் துண்டு இருக்கிறது. 35 இன்ச் கொடுத்தேன். '8 இன்ச் 6 நூல்' என்று வந்தது. டேப்பை நாலாக மடித்துப் பார்த்தேன், சரியாக அங்கேயே நின்றது.

இதே கணக்கு இடுப்புக்கும் வேண்டும். அதற்காக எல்லாத் துண்டுகளையும் மறுபடி அடுக்க வேண்டியதில்லை. புரொசீஜர் என்ற ஊதாத் துண்டுக்குள் கணக்கை ஒரு தடவை வைத்து, பெயர் கொடுத்துவிட்டால், எங்கே வேண்டுமோ அங்கே பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். இதைத்தான் ஃபங்ஷன் என்று பெரிய மொழிகளில் படிக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தேவை முதலில் வந்து, பாடம் பின்னால் வந்ததால் மறக்கவே இல்லை.

அளவுகளைச் சேமித்து வைப்பது டைனிடிபி. ஒரு டேக், அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவுதான் அதன் வேலை. டேக்காக நான் போன் நம்பரை வைத்தேன், எங்கள் தெருவிலேயே முத்துலட்சுமிகள் நிறைய. மதிப்பாக ஒரு லிஸ்ட்: பெயர், உயரம், ஷோல்டர், மார்பு, இடுப்பு, கை நீளம், கை லூஸ், முன் கழுத்து, பின் கழுத்து. 'தேடு' பட்டனைத் தொட்டால், அந்த நம்பர் டைனிடிபியில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எல்லாப் பெட்டியும் நிரம்பும். இல்லையென்றால் 'புது ஆள்' என்று ஒரு சின்ன அறிவிப்பு வரும்.

டைனிடிபிக்குப் பக்கத்திலேயே கிளவுட்டிபி என்று ஒன்றும் இருக்கிறது. அதில் வைத்தால் விவரம் இணையத்தில் வேறொரு சர்வரில் இருக்கும், எந்தப் போனிலிருந்தும் எடுக்கலாம். வசதிதான். ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். என்னை நம்பி ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டு அளவு கொடுக்கிறாள். அவளுடைய போன் நம்பரும் உடம்பு அளவும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கிற நோட்டு இது. என் கடையை விட்டு அது வெளியே போகக்கூடாது. ரெடிமேடாகக் கிடைத்த டெய்லர் ஆப் ஒன்றை நான் அழித்ததற்கும் இதுதான் காரணம், திறந்தவுடனே கணக்குத் தொடங்கு, எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்று என்றது. சொந்தமாகச் செய்தால் எந்த விவரம் எங்கே இருக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. தொழிலில் பிறர் விவரம் வைத்திருக்கிற எல்லாரும், பார்லர் நடத்துகிறவர்கள், சீட்டுப் பிடிக்கிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள், இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு சின்ன சந்தோஷம், டெக்ஸ்ட் டு ஸ்பீச். கத்தரி கையில் இருக்கும்போது போனைத் தொட முடியாது. ஆப் திறக்கும்போதே மொழியை 'டி', 'ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்தாகக் கொடுத்துவிட்டேன். போனில் கூகுளின் தமிழ்க் குரல் இருந்ததால் "ஷோல்டர் பதினான்கு" என்று அதுவே வாசிக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. துண்டுகள் கூடக்கூடப் பக்கம் நெரிசலாகிறது. ரைட் கிளிக் செய்து சுருக்கி வைக்கலாம், ஆனாலும் பத்துப் பன்னிரண்டு பட்டன் வந்த பிறகு எது எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பழைய லேப்டாப் அப்போது திணறுகிறது. தவறு அறிவிப்புகள் ஆங்கிலத்தில்தான் வந்தன. 'மூன்று உருப்படி உள்ள லிஸ்டில் நாலாவதைக் கேட்கிறாய்' என்பதுபோல எளிதாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் ஆங்கிலம் வாசிக்கத் தயங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஆப்பின் தோற்றமும் ரொம்பச் சாதாரணம். கடைகளில் பார்க்கிற பளபளப்பான ஆப் மாதிரி வேண்டுமென்றால் இங்கே ஏமாற்றம்தான். வடிவமைக்கிற வேலைக்கு இணையம் வேண்டும், கம்ப்யூட்டரும் வேண்டும், போன் திரையில் துண்டு நகர்த்துவது நடக்காத காரியம்.

புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கம்பேனியனில் சோதிக்கும்போது எல்லா ஆப்புக்கும் டைனிடிபி பொது. ஒரு ஆப்பில் சேமித்தது இன்னொன்றில் எட்டிப் பார்க்கும். அதனால் சோதிக்கும்போது உண்மையான ஆட்களின் அளவைப் போடாதீர்கள். ஆப்பை ஏபிகே என்ற இன்ஸ்டால் ஃபைலாக ஆக்கிப் போனில் போட்ட பிறகு தனித்தனியாகிவிடும். இன்ஸ்டால் செய்த ஆப்பை அழித்தால் அதிலிருந்த அளவுகளும் போய்விடும். நான் ஷேரிங் என்ற வசதியை வைத்து, மொத்தப் பட்டியலையும் எழுத்தாக மாற்றி வெளியே அனுப்ப ஒரு பட்டன் போட்டிருக்கிறேன். அதை என் லேப்டாப்புக்கு மட்டும் அனுப்பி வைக்கிறேன்.

பிளே ஸ்டோரில் போடலாமே என்று கேட்கிறார்கள். கூகுளுக்கு ஒரு தடவை 25 டாலர் கட்ட வேண்டும். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குகிறவர்கள் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டவும் வேண்டும். சொந்தக் கடைக்கு அது தேவையே இல்லை. ஏபிகே ஃபைலைத் தோழிகளுக்கு அனுப்பினேன். வெளியிலிருந்து வருகிற ஆப் என்று போன் எச்சரிக்கும், அனுமதி கொடுத்தால் இன்ஸ்டால் ஆகும். ஒருவர் குழந்தைகள் கவுனுக்கு வேண்டிய பெட்டிகளைக் கேட்டார். ஏஐஏ ஃபைலையே அனுப்பினேன், அவர் மகன் மாற்றிக் கொடுத்துவிட்டான்.

இப்போது மகளின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தை எடுத்திருக்கிறேன். நம் பாடநூலில் பைத்தான் என்ற கோடிங் மொழி இருக்கிறது, தமிழ் வழியிலும் கிடைக்கிறது. இஃப், லிஸ்ட், ஃபங்ஷன் எதுவும் மிரட்டவில்லை, எல்லாம் துண்டுகளாகப் பார்த்துப் பழகியவைதான். ஆப் இன்வென்டரில் லிஸ்டின் முதல் உருப்படி 1, பைத்தானில் அது 0. அங்கே மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. நூல் கணக்கை அதிலும் எழுதிப் பார்த்தேன். ஈவுக்கு // என்ற குறி, மீதிக்கு % என்ற குறி. 36.5 கொடுத்தேன், அங்கேயும் 9 இன்ச் 1 நூல்தான் வந்தது.