பக் நாய்க்கு விடியற்காலை நடையா, மாலை நடையா?

கொழும்பு வெள்ளவத்தையில் மாலை ஐந்து மணிக்கு மரைன் டிரைவில் நடந்தால் கடற்காற்று நமக்குச் சுகம்தான். ஆனால் பகலெல்லாம் வெயில் குடித்த தார் வீதி அப்போதும் சுடும். குட்டைக்கால் நாயின் வயிறு அதற்குக் கிட்டவே இருக்கிறது. புறங்கையை 7 விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். தாங்கவில்லையென்றால் இருட்டும் வரை பொறுங்கள்.

என் தெரிவு விடியற்காலை 6 மணிதான். தரை குளிர்ந்திருக்கும். ஒரு குறை, அப்போது காற்றில் ஈரம் அதிகம். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். பக்கின் சப்பை மூக்குக்கு அதுவே பெரும்பாடு, ஈரக்காற்றில் இன்னும் கஷ்டம். ஆகவே 15 நிமிடம் போதும். கழுத்துப்பட்டி வேண்டாம், நெஞ்சுப்பட்டி போடுங்கள்.

மூச்சில் கரகரப்பு ஏறினாலோ நாக்கு நீலம் பாய்ந்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அப்புறம் நேரே மிருக வைத்தியரிடம்.