சியான் போகிறவர்கள் கவனத்துக்கு: 2,680 யுவானை விழுங்கிவிட்டுக் கூப்பன் நீட்டுகிறார்கள்

2,680 யுவான், சீனப் பணம். சிங்கப்பூர் வெள்ளியில் ஏறக்குறைய 500, இந்தியப் பணத்தில் 30 ஆயிரத்துக்கு மேல். சீனாவின் சியான் நகரில், பழங்காலப் பேரரசர் ஒருவரின் கல்லறைக் காவலுக்கென்று புதைத்த சுடுமண் வீரர் சிலைகளைப் பார்க்க, வரலாற்று அருங்காட்சியகத்துக்கு, இரவு நடன நிகழ்ச்சிக்கு என்று மூன்று நுழைவுச் சீட்டுகளுக்காக என்னிடம் வாங்கிய தொகை இது. கைக்கு வந்த சீட்டு ஒன்றுகூட இல்லை. ஆறப்போட்டு நிதானமாக எழுதலாம் என்று தங்கை சொன்னாள். ஆறாது. இப்போதே எழுதுகிறேன். தனியாக அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எதை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஊர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஹலால் சாப்பாட்டுக்கு அலையாமல் வயிறாரச் சாப்பிடக்கூடிய சீன ஊர் என்று கேள்விப்பட்டுத்தான் சியானைத் தேர்ந்தெடுத்தேன். சிங்கப்பூரிலிருந்து நேராக விமானம் இருக்கிறது, ஒரு வார இறுதியோடு ஒரு திங்கட்கிழமை லீவு போட்டால் போதும். போன அன்றைக்கே கோட்டைச் சுவர் மேல் வாடகை சைக்கிளில் சுற்றினேன். மிங் அரச வம்சக் காலத்துச் சுவர், சுற்றளவு 13.7 கிலோமீட்டர், மேலே கார் ஓட்டும் அளவுக்கு அகலம். மனசு நிறைந்துபோயிருந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செயலியின் பெயரைச் சொல்லவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு உள்ளூர் வழிகாட்டி, உணவு உலா, சமையல் வகுப்பு எல்லாம் விற்கும் செயலிகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று. மாலை உணவு உலா, மறுநாள் சுடுமண் வீரர்கள், அதற்கு மறுநாள் நகரம் என்று ஒரு பேக்கேஜ். வழிகாட்டியின் படத்துக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று நீல டிக். கீழே வரிசையாக ஐந்து நட்சத்திரம். பேக்கேஜுக்கான பணத்தைக் கிளம்பும் முன்பே கட்டிவிட்டேன். அது தனி, இந்த 2,680-இல் சேராது.

மாலையில் அந்த வழிகாட்டி மேளக் கோபுரத்தின் அடியில் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் முக்காட்டைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றாள். அந்தத் தெருக்களில்தான் வளர்ந்தேன், எதிர்க்கடை என் மாமியுடையது என்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தாள். பெரிய பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனாள். தாங் அரசர் காலத்தில், 742-இல் தொடங்கியது என்று சொல்லப்படும் பள்ளி. இப்போது நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் மிங் காலத்துக்கும் பிறகும். குவிமாடம் கிடையாது, வளைந்த ஓட்டுக் கூரை, முற்றம் கடந்தால் இன்னொரு முற்றம், மினாரா இருக்க வேண்டிய இடத்தில் எண்கோண மரக் கோபுரம். கீழக்கரையில் கல்தூண்களோடு கோயில் மண்டபம் மாதிரி நிற்கும் பழைய பள்ளியைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தந்த ஊர்த் தச்சன் அவனவன் கைக்கு வந்ததைத்தானே கட்டுவான் என்று சொன்னேன். அதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நம்பிக்கையை எப்படி அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

பிறகு யாங்ரோ பாவ்மோ. ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டி. அங்கே ஒரு வழக்கம்: காலிக் கிண்ணத்தையும் கெட்டியான வட்ட ரொட்டியையும் முதலில் நம்மிடம் கொடுத்துவிடுவார்கள். உட்கார்ந்து நாமே பிய்த்துப் போட வேண்டும். பிய்த்தது சோயாப் பயறு அளவுக்கு இருந்தால்தான் குழம்பு உள்ளே இறங்கும். என்னுடையது கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்ததைப் பார்த்து, 'இதைச் சமையல்காரர் பார்த்தால் வெளியூர்க்காரி என்று குழம்பைக் குறைத்துவிடுவார்' என்று சிரித்து, என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் ரொட்டியை உருட்டி உருட்டி, கிள்ளிக் கிள்ளி, கிண்ணம் நிறைய அவளே பிய்த்தாள். நகத்துக்கடியில் மாவு ஏறியிருந்தது. பத்து நிமிடம் ஒருவர் நமக்காக உட்கார்ந்து ரொட்டி பிய்த்துக் கொடுத்தால் என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது.

கிண்ணம் எண் வில்லையோடு அடுப்படிக்குப் போனது. அந்த இடைவெளியில் போனைப் பார்த்தாள், முகம் வாடியது. 'அக்கா, நாளைக்குச் சுடுமண் வீரர்கள் டிக்கெட் முடிந்துவிட்டது.' அங்கே பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பெயரில்தான் முன்பதிவு என்பது உண்மை. கூட்டமான நாட்களில் முடிந்துபோவதும் உண்டு. உண்மையோடு கலந்து ஊற்றும்போது பொய் தொண்டையில் சிக்காது. தனக்கு 'உள் ஒதுக்கீடு' கிடைக்கும் என்றாள். காரோடு 1,180. வரலாற்று அருங்காட்சியகம் திங்கள் காலை, 500. ஹுவாசிங் அரண்மனையில் இரவு நடக்கும் நடன நிகழ்ச்சிக்கு முன்வரிசை, 1,000. ஆக 2,680. இந்தக் கணக்கைச் செயலியின் உரையாடல் பெட்டிக்குள்ளேயே தட்டச்சு செய்து அனுப்பினாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

செயலியில் கூடுதல் தொகை ஏற ஒரு நாள் ஆகும், அதற்குள் ஒதுக்கீடு போய்விடும் என்று தன் போனில் கியூஆர் கோடு காட்டினாள். ஆலிபே என்ற சீனப் பணப் பரிமாற்றச் செயலியில் கட்டினேன். வெளிநாட்டு அட்டை இணைத்திருந்தால் 200 யுவானுக்கு மேல் போகும்போது 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், அது 80 யுவான் 40 காசு. ஆகவே 2,760 யுவானாகப் போயிற்று என்பதுதான் சரியான கணக்கு. கிண்ணம் கண்ணாடிச் சேமியாவும் கறியும் மிதக்க ஆவி பறக்க வந்தது. சர்க்கரையில் ஊறிய பூண்டுப் பல்லை உரித்து என் தட்டில் வைத்தாள். குறை சொல்ல முடியாத சாப்பாடு.

மறுநாள் காலை அவள் வரவில்லை. காய்ச்சலாம். வேறொரு ஆள், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, பழைய காரோடு வந்தான். சுடுமண் வீரர்கள் இருக்கும் லின்தோங் பக்கம் நகரிலிருந்து கிழக்கே 40 கிலோமீட்டர்போல. போகிற வழியில் ஒரு கட்டடத்தில் இறக்கிவிட்டான். மொழிபெயர்ப்புச் செயலியில் 'பேரரசரின் நிலத்தடி அரண்மனை, இதைப் பார்த்தால்தான் அடுத்தது புரியும்' என்று வந்தது. உள்ளே சிமென்ட் கூரை, அதில் நட்சத்திரமாகச் சீரியல் பல்பு. பழைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியேன், பேரரசரின் கல்லறைக்குள் இருப்பதாக எழுதிய பாதரச ஆறுகளுக்குப் பதில் வெள்ளிப் பெயின்ட் அடித்த வாய்க்கால், ஓரத்தில் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. அந்தப் பேரரசர், சீனாவின் முதல் பேரரசரான சின் ஷி ஹுவாங்கின் உண்மையான கல்லறை அறை இன்றுவரை திறக்கப்படவே இல்லை. மண்மேடாகத்தான் இருக்கிறது. பொம்மை வீட்டைக் காட்டி அரண்மனை என்கிறான். அடுத்து ஒரு பச்சைக்கல் கடை. லான்தியன் ஜேட் அந்த வட்டாரத்தில் பேர்போனதுதான், ஆனால் கதவைச் சாத்திவிட்டு வளையலில் டார்ச் அடித்துக் காட்டும் கடை பேர்போனதா என்று தெரியவில்லை. ஒன்றும் வாங்கவில்லை. அதற்கே அவன் முகம் கடுகடுவென்று ஆகி, அருங்காட்சியகத்தின் வாகன நிறுத்தத்தில் என்னைத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

நுழைவாயிலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். பதிவு இல்லை. மறுபடி எண்ணைத் தட்டினார்கள். இல்லை. பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. டிக்கெட் கவுன்டருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: இன்றைக்கே இடம் இருக்கிறது, 120 யுவான்.

120 யுவான்! 'முடிந்துவிட்டது' என்று 1,180 வாங்கிய இடத்துக்கு, அதே நாள், கவுன்டரில், 120. அந்த 120-இலேயே முதலாம் குழி, இரண்டாம் குழி, மூன்றாம் குழி, பேரரசரின் கல்லறைப் பூங்கா, இரண்டுக்கும் இடையே பேருந்து எல்லாம் அடக்கம். பேரரசரின் கல்லறைப் பக்கம் தோண்டியெடுத்த வெண்கலத் தேர்கள்கூட இப்போது பூங்காப் பக்கம் தனிக் கட்டடத்தில்தான் இருக்கின்றன, அதே சீட்டில் பார்க்கலாம். போலி அரண்மனையிலும் கல் கடையிலும் நேரம் போனதால் நான் பார்க்கவில்லை.

முதலாம் குழியை மட்டும் பார்த்தேன். 230 மீட்டர் நீளக் கொட்டகைக்குள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவர்கள். ஒரு முகம் மாதிரி இன்னொன்று இல்லை என்று படித்ததைச் சரிபார்க்கும் மனநிலை இல்லை, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு வழிகாட்டிக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது உள்ளூர்ப் பேருந்தில் ஹுவாசிங் சி மெட்ரோ நிலையம், அங்கிருந்து 9-ஆம் தடம். சில யுவான்தான் செலவு. கார் எதற்கு?

இனிமேல்தான் கூத்து. முதலில் அவள், 'சிஸ்டம் பிரச்சினை அக்கா, பணம் திரும்ப வரும்.' அப்புறம், 'டிக்கெட் வாங்கித் தருபவர் போனை எடுக்கவில்லை.' அப்புறம், 'ஏழு வேலை நாள்.' இரவு நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் சீட்டு எங்கே என்று கேட்டு வீசாட் என்ற அரட்டைச் செயலியில் அனுப்பியபோது, செய்திக்குப் பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி வந்து நின்றது. அதாவது என்னை நீக்கிவிட்டாள். அறைக்குத் திரும்பி ரசீதை மொழிபெயர்த்துப் பார்த்தால், பணம் போயிருப்பது ஏதோ ஒரு 'அன்றாடப் பொருள் அங்காடி'க்கு. வாளி, துடைப்பம் விற்கும் கடைக்கு 2,680 யுவான் கட்டியிருக்கிறேன். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் திங்கட்கிழமைச் சீட்டைப் பற்றிக் கேட்டதும் திகைத்தாள். ஷான்ஸி வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதோடு அடிப்படைக் காட்சிக்குக் கட்டணமே கிடையாது, முன்பதிவு மட்டும்தான். இலவசமான இடத்துக்கு, மூடியிருக்கும் நாளில், 500 யுவான்.

செயலியின் வாடிக்கையாளர் சேவை இன்னும் மோசம். முதலில் ஒரு ரோபோ: 'உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம்.' ரோபோவைத் தாண்டி மனிதரைப் பிடித்தால் அவரும் அதே வரியை ஒட்டுகிறார். பணம் செயலிக்கு வெளியே கட்டப்பட்டதாம், அதனால் பொறுப்பில்லையாம். சரி, விலைப்பட்டியல் உங்கள் பெட்டிக்குள்தானே வந்தது? அந்தப் பெண்ணைச் 'சரிபார்த்தது' நீங்கள்தானே? நீல டிக் போட்டது யார், என் பாட்டனாரா? படத்தோடு அனுப்பினேன். பதில்: 'உங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது.' அடுத்து வந்தது இன்னும் வயிற்றெரிச்சல், நல்லெண்ண அடையாளமாக அடுத்த பயணத்தில் பயன்படுத்த 50 யுவான் கூப்பன். போனது 2,680! செயலியில் அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நீல டிக் இன்னும் இருக்கிறது. நான் எழுதிய ஒரு நட்சத்திரக் கருத்து மட்டும் 'பரிசீலனையில்'.

சிங்கப்பூரில் என் வங்கி, 'நீங்களே அனுமதித்த பரிவர்த்தனை' என்றது. சியானில் காவல் நிலையத்தில் மரியாதையாக உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தார்கள், இது நுகர்வோர் தகராறு, 12315 என்ற நுகர்வோர் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த எண்ணுக்கும் நகரின் 12345-க்கும் ஹோட்டல் பெண்தான் தன் போனிலிருந்து பேசிப் புகார் பதிந்தாள். அவளுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. பாவ்மோ கடைப் பெரியவரிடம் அந்த வழிகாட்டியின் படத்தைக் காட்டினேன். தலையை ஆட்டினார். அவள் அந்தத் தெருவில் யாருக்கும் உறவில்லை, வாரத்துக்கு ஒரு முறை ஆளைக் கூட்டிக்கொண்டு வருவாள், அவ்வளவுதான். அப்போது அந்த ஸலாம்? அதை நினைக்கும்போதுதான் பணத்தைவிட அதிகமாகச் சுடுகிறது.

திங்கட்கிழமை பெரிய காட்டுவாத்துக் கோபுரத்துக்கு நானே மெட்ரோ பிடித்துப் போனேன். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஏடுகளுக்காக 652-இல் எழுப்பியது. நம் காஞ்சிபுரம்வரை வந்துபோன மனிதர். மூன்று நாளில் என் மனம் அமைதியாக இருந்த இடம் அதுதான், அதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

விவரமாக ஆலோசனை எழுதுகிறேன் என்று சொன்னேன். எரிச்சலில் ஒழுங்காக வரவில்லை, அவசரத்துக்கு இவை: சுடுமண் வீரர்கள் சீட்டை அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலோ கவுன்டரிலோ பாஸ்போர்ட்டோடு எடுங்கள், 120 யுவானுக்கு மேல் யார் கேட்டாலும் எழுந்து போய்விடுங்கள். 'உள் ஒதுக்கீடு' என்ற பேச்சு வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கூடுதல் பணம் எதுவானாலும் செயலிக்குள் புது ஆர்டராகப் போடச் சொல்லுங்கள். கியூஆர் கோடு நீட்டினால், கட்டும் முன் திரையில் வரும் கடைப் பெயரை மொழிபெயர்த்துப் பாருங்கள். 'நிலத்தடி அரண்மனை' என்று எங்கே இறக்கினாலும் காரைவிட்டு இறங்காதீர்கள். உரையாடலை அன்றன்றே படமெடுத்து வையுங்கள், என் பெட்டியில் அவள் அனுப்பிய விலைப்பட்டியலை இன்று காலை 'திரும்பப் பெறப்பட்டது' என்று மாற்றிவிட்டார்கள். நல்லவேளை, என்னிடம் படம் இருக்கிறது. 12315-இலிருந்து பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.