எல்லா ஆப்பும் இருக்கிறது என்று சொல்லி என்னிடம் விற்ற போன்

ஆண்ட்ராய்டும் வேண்டாம், ஐபோனும் வேண்டாம், மூன்றாவதாக ஒன்றை வாங்கிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அப்படி ஒரு போனை 14 மாதம் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இன்னொரு பெயரில் இன்னொரு போன் நாளைக்கே வரலாம், அதற்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன் நல்ல போன். பேட்டரி இரண்டு நாள் தாங்கியது, திரை கண்ணுக்கு இதமாக இருந்தது, எதைத் தட்டினாலும் உடனே திறந்தது. நம் தகவல்களை அள்ளிக்கொண்டு போகாது என்று சொன்னார்கள், அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் வாங்கினேன்.

விற்றவரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "நான் இப்போ பயன்படுத்துற ஆப் எல்லாம் இதுல இருக்கா?"

"எல்லாமே இருக்குங்க. ஒண்ணு ரெண்டு இல்லாட்டியும் அடுத்த அப்டேட்ல வந்துரும்."

ஸ்டோரைத் திறந்தும் காட்டினார். என் வங்கியின் பெயரைத் தேடினேன், அதே சின்னம், அதே நிறத்தில் வந்தது. படம் பகிரும் செயலி வந்தது. குடும்பமே பேசிக்கொள்ளும் மெசேஜ் செயலியும் வந்தது. திருப்தியாகிவிட்டேன். சின்னத்தைப் பார்த்த நான் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த வெளியீட்டாளர் பெயரைப் பார்க்கவில்லை. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதியையும் பார்க்கவில்லை. அந்த இரண்டு வரியைப் படித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து வங்கிச் செயலியைத் திறந்தபோது உள்ளே இருந்தது வங்கியின் இணையதளம். அதைச் சுற்றி ஒரு சட்டம் போட்டு, மேலே வங்கியின் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். பணம் வந்தால் அறிவிப்பு வராது, கைரேகை வைத்து நுழைய முடியாது, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய முடியாது. இவற்றைவிட மோசமான ஒன்று இரண்டாம் நாள்தான் உறைத்தது. பிரவுசரில் திறந்தால் மேலே முகவரி தெரியும், நாம் இருப்பது வங்கியின் தளம்தானா என்று பார்த்துக்கொள்ளலாம். இதில் முகவரியே தெரியவில்லை. வெளியீட்டாளர் யார் என்று அப்போதுதான் போய்ப் பார்த்தேன். வங்கி இல்லை, யாரோ ஒரு தனிநபர். அவர் தீய எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிச் சட்டம் போட்ட செயலியை எழுதியவர் நினைத்தால், உள்ளே நாம் தட்டும் கடவுச்சொல்லை எடுத்துக்கொள்ள முடியும். இரண்டு நாளாக நான் அதில்தான் லாகின் செய்துகொண்டிருந்தேன். கை நடுங்கியது. கடவுச்சொல்லை மாற்றிய பிறகுதான் தூக்கம் வந்தது.

அடுத்தது படம் பகிரும் செயலி. அதுவும் அதிகாரபூர்வமானது இல்லை. ஆர்வமுள்ள ஒரு டெவலப்பர் தானே எழுதியது, உண்மையிலேயே நன்றாக எழுதியிருந்தார். மூன்று வாரம் ஓடியது. அங்கீகாரமில்லாத செயலி வழியாக நுழைந்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். மீட்க ஒரு வாரம் ஆனது.

இது பழைய கதை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் போட்டியாக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த விண்டோஸ் ஃபோனுக்கு, படம் பகிரும் ஸ்னாப்சாட் கடைசிவரை தன் செயலியைத் தரவேயில்லை. ரூடி ஹுயின் என்ற டெவலப்பர் எழுதிய '6ஸ்னாப்' தான் அந்தக் குறையை நிரப்பிக்கொண்டிருந்தது. 2014 டிசம்பரில் அதுவும் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது. யூடியூபுக்கும் அதே கதி. 2013-ல் மைக்ரோசாஃப்ட் தானே ஒரு யூடியூப் செயலி எழுதி வெளியிட்டது, ஆகஸ்டில் கூகுள் அதை முடக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அதுதான் நிலைமை என்றால், தனியாக உட்கார்ந்து எழுதும் ஒருவரின் செயலியை நம்பி நாம் எத்தனை நாள் இருக்க முடியும்?

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போனேன். "போன்ல குறை ஒண்ணும் இல்லையே, பெட்டியையும் பிரிச்சுட்டீங்க, ஆப் கொடுக்கறது எங்க வேலை இல்லைங்க" என்று கைவிரித்துவிட்டார் விற்றவர். தயாரிப்பாளருக்கு எழுதினால், செயலியை உருவாக்கியவர்களைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. வங்கியைக் கேட்டால், அந்த இயங்குதளத்துக்கு எங்களிடம் செயலி இல்லை, கொண்டுவரும் திட்டமும் இல்லை என்றார்கள். மூன்று பேரில் வங்கிதான் உண்மையைச் சொன்னது. வாங்குவதற்கு முன்பே அவர்களைக் கேட்டிருக்கலாம், ஒரு நிமிட வேலை.

அலுவலகத்தில் லாகின் செய்ய, ஒவ்வொரு முறையும் புதிய ரகசியக் குறியீட்டைக் காட்டும் ஒரு செயலி தேவை. அதுவும் இதில் இல்லை. ஆகவே பழைய போனையும் பையில் போட்டுக்கொண்டு போவேன். மேசையில் இரண்டு போன், இரண்டு சார்ஜர். பணம் அனுப்ப, வண்டி கூப்பிட, குறியீடு பார்க்க எல்லாவற்றுக்கும் ஓரத்தில் விரிசல் விட்ட அந்தப் பழைய போன்தான். புதியதில் அழைப்பு பேசினேன், மெசேஜ் பார்த்தேன். மெசேஜ் செயலி மட்டும் அந்த நிறுவனமே வெளியிட்டது. அது ஒழுங்காக ஓடியதால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தேன்.

அடுத்த அப்டேட்டில் வரும் என்று சொன்ன செயலிகள் ஒன்றுகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இப்போது எனக்குப் புரிகிறது. ஒரு செயலியை இன்னொரு இயங்குதளத்துக்கு எழுதுவது என்றால் பெரும்பாலும் தனிக் குழு, தனிச் சோதனை, ஒவ்வொரு மாற்றத்தையும் மறுபடி செய்வது. சில லட்சம் பேருக்காக யார் அந்தச் செலவை ஏற்பார்கள்? ஆப் இல்லாததால் ஆட்கள் வருவதில்லை, ஆட்கள் இல்லாததால் ஆப் வருவதில்லை. கோழி முதலா முட்டை முதலா என்ற இந்தச் சிக்கலைப் பணத்தால்கூடத் தீர்க்க முடியவில்லை. விண்டோஸ் ஃபோன் 2010-ல் வந்தது, இன்ஸ்டாகிராமும் அதே ஆண்டில்தான் ஐபோனில் வந்தது. விண்டோஸ் ஃபோனுக்கு இன்ஸ்டாகிராம் வந்து சேர்ந்தது 2013 நவம்பரில், அதுவும் பீட்டாவாக, அதாவது சோதனைப் பதிப்பாக. டெவலப்பர்களுக்குப் பணம் கொடுத்தோம், அவர்களுக்காகச் செயலிகளை நாங்களே எழுதினோம், ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்கள் முதலீடு செய்யும் அளவுக்குப் பயனர்கள் இல்லை என்று 2017 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் ஜோ பெல்ஃபியோரே வெளிப்படையாக எழுதினார்.

எண்ணிக்கையைக் காட்டி விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 ஜனவரியில் பிளாக்பெர்ரி நிறுவனத்தின் புதிய இயங்குதளமான பிளாக்பெர்ரி 10 வந்தபோது 70,000 செயலிகள் இருப்பதாகச் சொன்னார்கள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் தினமும் திறப்பது பத்தோ பதினைந்தோ. அதில் இரண்டு இல்லையென்றால் மிச்சம் 69,998 இருந்து என்ன பயன்?

ஆண்ட்ராய்டு செயலிகளும் இதில் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். ஓடும் என்பது பாதி உண்மை. ஏராளமான ஆண்ட்ராய்டு செயலிகள் அறிவிப்பு அனுப்ப, வரைபடம் காட்ட, கணக்கில் நுழைய எல்லாம் போனில் பின்னணியில் ஓடும் கூகுளின் பிளே சர்வீசஸ் என்ற மென்பொருளை நம்பி எழுதப்பட்டவை. அது இல்லாத போனில் செயலி நிறுவப்படும், திறக்கவும் செய்யும், ஆனால் அறிவிப்பு வராது, வரைபடம் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கும். பல வங்கிச் செயலிகள் போன் கூகுளின் சான்று பெற்றதா என்று சோதித்துவிட்டு, இல்லையென்றால் மூடிக்கொள்ளும். 2019-ல் அமெரிக்க அரசு சீன நிறுவனமான ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் சேர்த்த பிறகு வந்த மேட் 30 போன்கள் வன்பொருளில் யாருக்கும் சளைத்தவை இல்லை. ஆனால் கூகுள் சேவைகள் இல்லாமல் வந்ததால், சீனாவுக்கு வெளியே பலர் வாங்கத் தயங்கினார்கள்.

அதனால் கடையில் உங்கள் இப்போதைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, கடந்த ஒரு வாரத்தில் திறந்த செயலிகளை ஒவ்வொன்றாகப் புதிய போனில் தேடிப் பாருங்கள். வெளியிட்டது உரிய நிறுவனம்தானா என்று பாருங்கள். கடைசி அப்டேட் ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் அதை இல்லாத கணக்கில் சேருங்கள். 'வரும்' என்ற சொல்லையும் இல்லாத கணக்கிலேயே சேருங்கள். விண்டோஸ் ஃபோன் 7 வாங்கியவர்களுக்கு 2012-ல் வந்த விண்டோஸ் ஃபோன் 8 கிடைக்கவே இல்லை. அவர்களும் அடுத்த அப்டேட்டுக்குக் காத்திருந்தவர்கள்தான்.

இருப்பதும் நிலைக்காது என்பதை 14-வது மாதம் தெரிந்துகொண்டேன். நம்பியிருந்த அந்த மெசேஜ் செயலி ஒருநாள் காலை திரையில் ஒரு அறிவிப்பைக் காட்டியது. இந்த இயங்குதளத்தில் எங்கள் சேவை முடிகிறது, வேறு போனுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. பிளாக்பெர்ரி 10-க்கு 2017 டிசம்பர் 31-லும், விண்டோஸ் ஃபோனுக்கு 2019 டிசம்பர் 31-லும் வாட்ஸ்அப் இதையேதான் செய்தது. ஆட்கள் குறைந்த இடத்தை விட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுகிறார்கள்.

மாறிவிட்டேன். எண் வந்தது, தொடர்புகள் வந்தன, பழைய உரையாடல்கள் வரவில்லை. அந்தப் போன் எடுத்துவைத்த பேக்கப்பை வேறு எந்தப் போனாலும் படிக்க முடியவில்லை. அக்கா மகள் பேசக் கற்றுக்கொண்ட மாதங்களில் அக்கா அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அக்காவும் நடுவில் போன் மாற்றிவிட்டதால் அவளிடமும் இல்லை. உள்ளே கோப்புகளைத் தேடிப் பார்த்தேன், கணினியில் இணைத்துப் பார்த்தேன், அந்தப் பகுதியைத் திறக்கவே விடவில்லை. இப்போதைக்கு ஒவ்வொன்றாக அந்தப் போனில் ஒலிக்கவிட்டு, பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். நாற்பது முடிந்தது, இன்னும் நிறைய இருக்கிறது. ஓரங்கட்டப்பட்ட ஒரு போனிலிருந்து குரல் செய்திகளை இதைவிட நல்ல முறையில் வெளியே எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.