தாய்லாந்தில் ஆங்கில டீச்சர் வேலை என்று யாராவது பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

நவம்பரில் தாய்லாந்துப் பள்ளிகளில் இரண்டாம் பருவம் தொடங்கும். அதற்கு ஆள் எடுக்கிறோம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி ஒரு விளம்பரம் சுற்றுகிறது. கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி நேற்று எனக்கு அனுப்பினாள், "அக்கா, போகலாமா?" என்று கேட்டு. அந்த விளம்பரத்தில் இருக்கும் வகுப்பறை நான் பாடம் நடத்திய வகுப்பறை. கரும்பலகையில் இருப்பது என் கையெழுத்து. இத்தனை நாள் வீட்டில்கூட முழுதாகச் சொல்லாததை அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். விருதுநகர் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் 9 வருடம், கடைசியில் வாங்கிய சம்பளம் 16,000 ரூபாய். மாதம் 35,000 பாட் என்றார்கள், நம் பணத்தில் கிட்டத்தட்ட 90,000. ஏஜென்ட் அலுவலகம் திருச்சியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டு மரியாதையாகத்தான் பேசினார். வீட்டில் பயந்தார்கள். 2022இல் பாங்காக்கில் ஐடி வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்யவைத்தார்களே, அந்தப் பையன்கள் திரும்பி வந்த செய்தியை அப்பா எடுத்துக் காட்டினார். அது வேறு, இது பள்ளிக்கூட வேலை என்று நான்தான் சமாதானம் சொன்னேன். சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்து 1,45,000 ரூபாயை மூன்று தவணையாக ஜிபேயில் அனுப்பினேன். போனது ஒரு தனிநபர் கணக்குக்கு, ரசீது கிடையாது.

விசா எப்போது என்று கேட்டேன். 2024 ஜூலையிலிருந்து இந்தியர்கள் 60 நாள் விசா இல்லாமலே இருக்கலாம் மேடம், போய் இறங்குங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார். 60 நாள் என்பது அப்போது உண்மைதான். ஆனால் அது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. டீச்சராகப் போக வேண்டுமானால் பள்ளி உங்களுக்காக அங்கே காகிதம் தயார் செய்து அனுப்ப வேண்டும், அதை வைத்துச் சென்னையில் இருக்கும் தாய்லாந்துத் துணைத்தூதரகம் வழியாக நான்-இமிக்ரன்ட் பி என்ற வேலை விசா வாங்க வேண்டும், போன பிறகு அந்நாட்டு ஆசிரியர் கவுன்சிலின் அனுமதி, வேலை அனுமதி இரண்டும் எடுக்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள், பொதுவாக 600க்கு மேல். என்னிடம் இது எதையும் கேட்கவில்லை. பட்டச் சான்றிதழில் அரசின் சான்றொப்ப முத்திரை எதுவும் வாங்கச் சொல்லவில்லை, போலீஸ் சான்றிதழ்கூட வேண்டாம் என்றார்கள். அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மே முதல் வாரம் போய் இறங்கினேன். வடகிழக்கில் உதோன் தானி பக்கம் ஒரு பள்ளி. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் இரவு, பள்ளிக்கு ஆள் கொடுக்கும் அந்த ஊர் ஏஜென்சியின் பெண் ஒருவர் என் அறைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். என்னுடைய பயோடேட்டா. படம் என்னுடையது, பெயரில் பாதி என்னுடையது. நாடு என்ற இடத்தில் தென்னாப்பிரிக்கா. பிறந்த ஊர் டர்பன்.

எங்களுக்கு நீங்கள் எந்த நாடாக இருந்தாலும் ஒன்றுதான், பெற்றோர்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். டர்பனில் இந்திய முகங்கள் நிறைய உண்டு, யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அடகுச் சீட்டு கண் முன்னால் வந்தது. சரி என்று தலையாட்டினேன். 9 வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன வாய்தான். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

இந்தப் பொய் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஆங்கில டீச்சரை இரண்டாகப் பிரித்துத்தான் சம்பளம் பேசுகிறார்கள், நேட்டிவ் ஸ்பீக்கர், அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், மற்றவர்கள் என்று. நேட்டிவ் என்றால் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பல இடங்களில் தென்னாப்பிரிக்காவும். தென் கொரியாவில் இதே ஏழு நாடுகள் விசா விதியிலேயே இருக்கின்றன. பார்ப்பது பாஸ்போர்ட்டை, உங்கள் ஆங்கிலத்தை இல்லை. சிங்கப்பூரில் வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கும் அந்தப் பட்டியலில் இடம் இல்லை, ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் இல்லை. இரண்டு சம்பளத்துக்கும் இடையில் இருக்கும் தொகையில்தான் ஏஜென்சிகள் கை வைக்கின்றன.

பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம் முடிந்ததும் கைகூப்பிக்கொண்டு வரிசையாக வருவார்கள். நாலாம் வகுப்பில் ஒரு பையன் என்னையும் ஒரு சிங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, கீழே டீச்சர் ஆப்பிரிக்கா என்று எழுதிக் கொடுத்தான். இன்னொரு நாள் மதியம் வராண்டாவில் நின்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்ததும், டீச்சர், இது என்ன மொழி என்றாள். ஆப்பிரிக்காவில் பேசுகிற மொழி என்றேன். அவள் நம்பிக்கொண்டு போய்விட்டாள். 1860இல் மதராஸிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் டர்பனில் இருக்கிறார்கள், அவர்கள் பட்ட பாட்டை நான் ஒரு வேலைக்காக எடுத்துப் போர்த்திக்கொண்டேன் என்று அன்று ராத்திரி முழுக்க அழுகை.

முதல் மாதம் கைக்கு வந்தது 15,000 பாட். சம்பளம் 20,000, அதில் 5,000 டெபாசிட் பிடித்தம். காகிதம் சரியானதும் 35,000 ஆகும் என்றார்கள். அங்கே 11 வருடமாக வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் டீச்சர் ஒருவர்தான், உன் வேலை அனுமதி எங்கே என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அப்புறம் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள், வேலைக்கு வைத்தவர்களுக்கும் அபராதம் உண்டு ஆனால் விமானத்தில் ஏற்றப்படுவது நீதான் என்றார்.

60 நாள் முடியும்போது ஏஜென்சிக்காரர்கள் குடியேற்ற அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி 30 நாள் நீட்டித்தார்கள். காரணம் சுற்றுலா என்று எழுதிய படிவத்தில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதற்கப்புறம், நோங் காய் பாலம் வழியாக லாவோஸ் போய்விட்டு அன்றே திரும்பி வா, பாஸ்போர்ட்டில் புது முத்திரை கிடைக்கும் என்றார்கள். அதற்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பள்ளியின் ஆங்கிலத் துறைத் தலைவரிடம் போய் என் பாஸ்போர்ட்டைத் திறந்து மேசைமேல் வைத்தேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார். எனக்காகப் பள்ளி மாதம் 45,000 பாட் ஏஜென்சிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வகுப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முதலிலேயே இந்தியர் என்று போட்டிருந்தால் உங்கள் விண்ணப்பத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன் என்றார். மனதில் பட்டதை மறைக்காமல் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்த வார்த்தை வலித்தது.

88ஆம் நாள் சொந்தக் காசில் டிக்கெட் போட்டு வந்துவிட்டேன். கடைசி மாதச் சம்பளமும் டெபாசிட்டும் வரவில்லை. திருச்சி ஏஜென்ட், நீங்களாகத்தானே மேடம் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று சொல்லிவிட்டு நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

வந்த பிறகுதான் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடினேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும், பதிவு பெற்றவர்களின் பட்டியல் அந்தத் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. இந்த ஆள் அதில் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், மொத்தம் 35,400. நான் கொடுத்தது அதைப்போல நாலு மடங்கு. பத்து நிமிடத்தில் பார்த்திருக்கக்கூடிய விஷயம் இது. தயவுசெய்து பணம் அனுப்பும் முன் நீங்கள் பாருங்கள். பள்ளியின் பெயர் என்ன என்று கேளுங்கள், பள்ளியோடு நேரடியாக வீடியோவில் பேச வேண்டும் என்று கேளுங்கள், அந்தப் பேச்சில் உங்கள் நாட்டின் பெயரை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு ஏஜென்ட் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னையில் மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடப்பதால் பெயரை இங்கே போடவில்லை. திருச்சியில் ஜெராக்ஸ் கடை மாடியில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால், ஜிபே விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். இப்போதைக்குப் புகாரில் என் ஒருத்தி பெயர்தான் இருக்கிறது.